சர்வ சுதந்திர பாத்தியம்

மூன்று பேருக்கும் ஒரே பெயர்தான், ரூட்.
ஜோபின், சுகதா, நான்.
கடவுச்சொல் சுகதா எப்போதோ விற்றுவிட்ட ஸ்கூட்டரின் எண்.
யார் உள்ளே போனாலும்
பதிவேட்டில் ஒருவரேதான் போயிருப்பார்.

மாரத்தஹள்ளியில் ஆறாவது மாடி.
நாங்கள் தண்ணீர் விற்பதில்லை,
தண்ணீர் லாரிக்கான வரிசையை விற்கிறோம்.
எந்த லாரி, எந்தத் தெரு, எத்தனை லிட்டர்,
பணம் கட்டிவிட்டு இன்னும் காத்திருப்பது யார்,
அத்தனையும் ஒரே அட்டவணை.

வேலைக்குச் சேர்ந்த அன்று
எல்லா உரிமைகளும் தந்தோம்,
பிறருக்குத் தரும் உரிமையும் தந்தோம் என்று
ஒரே வரியில் திறந்துவிட்டார்கள்.
ஓசூரில் நாங்கள் விற்ற மனையின் பத்திரம் ஞாபகம் வந்தது:
தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்
சர்வ சுதந்திர பாத்தியத்துடன்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

பார்க்கலாம், சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம்.
அனுபவிக்க மட்டும் கட்டளை இல்லை.

மார்ச் பத்தொன்பது.
ராமமூர்த்தி நகரில் எங்கள் போர்வெல்
மூன்று நாளாய்க் காற்றைத்தான் மேலேற்றியது.
குளிக்காத தலையை க்ளிப்பில் அடக்கிக்கொண்டு
இரவுப் பணிக்கு வந்திருந்தேன்.
வரிசையில் எங்கள் கட்டடம் நானூற்றுப் பதினேழு.

தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்பார்கள்.
என் புறங்கை
காய்ந்து வெடித்திருந்தது.

இரண்டு பத்துக்கு ஜோபின் டீக்குப் போனான்.
ஒரே கட்டளை:
417 இனி 3. 3 இனி 417.
திரை சொன்னது,
பாதிக்கப்பட்ட வரிகள்: இரண்டு.

ஒன்று நான்.
மற்றதைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.
பார்க்கவும் எனக்கு உரிமை இருந்தது.
கலாவதி பசவராஜ், ஹொரமாவு, இரண்டாயிரம் லிட்டர்.
குறிப்பு: மணி அடிக்க வேண்டாம், குழந்தை தூங்கும்.

ஆறரைக்குக் கேப்பிலிருந்து இறங்கினால்
வாசலில் முனிவெங்கடப்பாவின் லாரி.
ஹோஸின் பொத்தலில் பீய்ச்சியதை
முதல் மாடிப் பையன் வாயில் பிடித்துக்கொண்டிருந்தான்.
உங்களுக்கு அதிர்ஷ்டம் மேடம் என்றார் கன்னடத்தில்,
கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியபடி.
இரண்டு வாளி குளித்தேன்.
தண்ணீரில் இரும்பு வாடை.
மூன்றாவது வாளியும் குளித்தேன்.

மறுநாள் இரவு, அழைப்புகளின் அட்டவணையில்
அவள் எண் ஒன்பது முறை இருந்தது.
எட்டாவது அழைப்பு நாற்பது நிமிடம்.
ஒன்பதாவது, மூன்று விநாடி.

தணிக்கைக்கு ஷர்வரி காமத் வந்தார்.
இரண்டு பத்துக்கு இதைச் செய்தது யார்?
ரூட், என்றான் ஜோபின்.
ரூட்தான், என்றாள் சுகதா.
நானும் அதையே சொன்னேன்,
மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.
ஆனால் அந்தச் சொல்
மூன்று வாயிலும் ஒரே எடையில் விழுந்தது.
அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்,
கே.ஆர். புரத்தில் ஜோபினின் தொட்டி
இந்தக் கோடை முழுக்க எப்படி நிறைந்தே இருக்கிறது என்று.

இனி ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு சாவி.
வரிசை எண்ணைத் தொட இருவர் ஒப்புதல்.
ரூட்டைப் பூட்டும் வேலை என்னிடம் வந்தது.
கை சுத்தமானவள் என்று
மேலாளர் சொன்னாராம்.

பூட்டுவதற்கு முன் ஒருமுறை கலாவதியின் வரியைத் திறந்தேன்.
குறிப்பை அவளே மாற்றியிருந்தாள்:
மணி அடியுங்கள். எந்நேரமானாலும்.

பிறகு எழுதினேன்,
ரூட்டிடமிருந்து எல்லா உரிமைகளையும் பறி.
சரி, என்றது திரை.
பாதிக்கப்பட்ட வரிகள்: பூஜ்யம்.